இரண்டு நல்லது, ஒரு குறை

அவளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பழகிய ஆளைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசியில் "என்ன இருந்தாலும் நல்ல மனுஷி" என்று முடிப்பதுதான் வழக்கம். நான் அப்படி முடிக்கப் போவதில்லை. அவள் ஹட்டனை விட்டுப் போய்ச் சில வருஷமாகிறது. இன்றைக்கும் யாராவது நான் எடுத்த படத்தைக் கையில் வாங்கிக் கண்ணைச் சுருக்கினால் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது. பெயரை எழுதவும் மனமில்லை. பழகிய காலத்திலேயே அவளை நான் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, அக்கா என்றும் கூப்பிட்டதில்லை.

பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு கம்யூனிகேஷன் கடையில் அவள் வேலை செய்தாள். போட்டோ பிரதி, போனுக்கு ரீலோட், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது எல்லாம் அங்கேதான். தேயிலைத் தோட்டத்திலிருந்து பெண்கள் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, படம் எடுக்க வருவார்கள். அவள் வாவென்றும் சொல்லமாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். தாடையைப் பிடித்து ஒரு பக்கம் திருப்புவாள். "காது தெரியல. முடியத் தள்ளுங்க." அவ்வளவுதான். வந்தவர் தோட்ட ஆபீஸ் பெரிய கிளார்க்காக இருந்தாலும் அதே தாடைப் பிடிதான். யாராவது முகம் சுளித்தால், "திரும்பி வரும்" என்பாள். படம் சரியில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தால் அந்தப் பெண் இன்னொரு நாள் பேரை விட்டுவிட்டு, அதாவது ஒரு நாள் சம்பளத்தை இழந்து, மறுபடியும் பஸ் ஏற வேண்டும். அதைத்தான் அந்த இரண்டு சொல்லில் சொல்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. புரிந்தபோதும் பிடிக்கவில்லை.

எங்களுடைய படக் கூட்டத்துக்கு அவள் எப்படி வந்தாள் என்று கேட்டால், எங்கள் படங்களை எல்லாம் பிரிண்ட் போட்டதே அவள்தான். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், மாதா கோயில் மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். போனில் எடுக்கிறவர்கள், ஒன்றிரண்டு பேரிடம் நல்ல கேமரா. கூட்டத்தை நடத்தியது நான். கொழும்பிலிருந்து வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்த ஒருவர் எங்களுக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். படம் காட்டுகிறவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ஒவ்வொருவரும் முதலில் இரண்டு நல்லது சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு திருத்திக்கொள்ளக் கூடிய ஒரு குறை. நான் அதை பிரிஸ்டல் போர்டு அட்டையில் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். விஞ்ஞான டீச்சர் இல்லையா, எதையும் எழுதி ஒட்டினால்தான் எனக்கு நிம்மதி.

அவள் வந்த முதல் நாளே அந்தப் போர்டைப் பார்த்தாள். ஒருவர் அருவிப் படம் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் பால் மாதிரி வழியும்படி, கேமராவை அசையாமல் வைத்து நேரம் எடுத்து எடுத்த படம். எல்லாரும் ஆளுக்கு இரண்டு நல்லது சொன்னோம். அவளுடைய முறை வந்தபோது, "தண்ணி ஓடுற மாதிரி தெரியல, வேட்டிய காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றாள். நான் போர்டைக் காட்டினேன். நல்லதை எல்லாம் மற்றவர்கள் சொல்லியாகிவிட்டது, இன்னொரு தரம் எதற்கு என்று கேட்டாள். அந்த அருவிக்காரர் அதற்குப் பிறகு இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. மூன்றாவது மாதம் வந்தபோது தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளுடைய கைப்பையில் எப்போதும் இரண்டு அட்டைத் துண்டுகள் இருக்கும். மாத்திரைப் பெட்டி அட்டையை 'ட' எழுத்து மாதிரி வெட்டி வைத்திருந்தாள். படத்தின்மேல் அவை இரண்டையும் எதிரும் புதிருமாக வைத்து நகர்த்துவாள். வானம் போகும். ஓரத்தில் நிற்கிற கம்பம் போகும். சித்தப்பாவும் அவருடைய புது மோட்டார் சைக்கிளும் போய்க் குழந்தை மட்டும் மிஞ்சும். "இவ்வளவு போதும்" என்பாள். சித்தப்பாவைச் சேர்த்து ஆசையாக எடுத்தவர் முகத்தை அவள் பார்க்கவே மாட்டாள். கண் படத்திலேயே இருக்கும்.

ஒருமுறை தேநீர் குடிக்கும்போது அவளிடம் பொறுமையாகவே சொல்லிப் பார்த்தேன். நல்லதைச் சொல்லிவிட்டுக் குறையைச் சொன்னால் கேட்கிறவருக்கு மனம் நோகாது, ஏற்றுக்கொள்வார் என்றேன். "நல்லத கேட்டதும் காத மூடிக்கிறாங்க டீச்சர். அப்புறம் கொறைய யாருகிட்ட சொல்றது" என்றாள்.  பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். என் தேநீர்தான் ஆறிப்போனது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ஒரு கண்காட்சி. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரே ஒரு படம். எங்கள் கூட்டத்திலிருந்து போகப் போவது என் படம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பள்ளிக்கூட அதிபரிடம் சொல்லிவிட்டேன். அவர் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளிடமே சொல்லிக் கைதட்டவும் வைத்துவிட்டார். படம் என் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், வேலையை விட்டுப் பத்து வருஷமிருக்கும். அவருக்குச் சிவப்புச் சேலை கட்டி, தலைத்துணி போட்டு, ஈரம் படாமல் இடுப்பில் கட்டுகிற படங்கைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு, தோட்டத்தின் உச்சி மலையில் நிற்க வைத்து எடுத்தேன். இப்போது தோட்டத்தில் பெரும்பாலும் சாக்குப் பைதான். கூடையை, வெளிநாட்டுக்காரர்களுக்குத் தேயிலை விற்கிற ஒரு கடையில் அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

எடுக்கும்போதே அம்மா சொன்னார். "கூட சும்மா இருக்குடி. கொஞ்சம் கொழுந்தாவது போட்டுக்கிறேன்." வெயில் போய்விடும் என்ற அவசரம் எனக்கு. உள்ளே இருப்பது படத்தில் தெரியாது, பேசாமல் நில்லுங்கள் என்றேன். அம்மாவும் நின்றார். எட்டாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய என்னைப் படிக்க வைத்தவர். நான் நில்லுங்கள் என்றால் நிற்பார்.

படம் பிரிண்ட் ஆகி வந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. உறையில் போட்டுக் கொடுத்தாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன், அவ்வளவு திமிர் எனக்கு.

கூட்டத்துக்கு அன்று அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். மண்டபத்தின் பின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் படத்தை மேசையில் வைத்துவிட்டு, முறைப்படி வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெளிச்சம் அருமை என்றார்கள். முகத்தின் சுருக்கம், சேலையின் சிவப்பு, பின்னால் மங்கலாகத் தெரிந்த மலை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். குறை என்று கேட்டபோது, இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பிரிண்ட் போட்டிருக்கலாம் என்றார் ஒருவர். அதைவிட இனிமையான குறை உலகத்தில் உண்டா? பிறகு அவளுடைய முறை வந்தது. அட்டைத் துண்டுகளை வைத்தாள், நகர்த்தினாள், எடுத்துவிட்டாள். மறுபடியும் வைத்தாள்.  வாய் திறக்கக் கூடாதவள் நானே திறந்தேன். முதலில் இரண்டு நல்லது சொல்லச் சொன்னேன்.

"தேடுறேன் டீச்சர். கெடைக்கல."

யாரோ இருமினார்கள். அவள் விரலால் அம்மாவின் தலையைத் தொட்டாள். "கயிறு தலைய அழுத்தல. கூடையில ஒன்னுமே இல்ல. அம்மா வேல செய்யல. டீச்சர் நிக்கச் சொன்ன எடத்துல நிக்கிறாங்க."

அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள். நிறைந்த கூடையின் கயிறு தலைத்துணியில் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் நெற்றிக்கு மேலே அது வழுக்கிய மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு கணத்துக்கு முன்னால் வெளிச்சம் அருமை என்றவர்கள் எல்லாரும் இப்போது குனிந்து கயிற்றைப் பார்த்தார்கள். பின் வாங்கிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் அப்பவே சொன்னேன், கேக்கல. அந்தப் புள்ள சொல்றது சரிதான்." எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட என் கோபத்துக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

கண்காட்சிக்கு நானுஓயா ஸ்டேஷனில் பெஞ்சுக்குக் கீழே படுத்திருந்த ஒரு நாயின் படம் போனது. நல்ல படம்தான். அதிபர் பெருந்தன்மையாக ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள்.

அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். உண்மையாக இருந்ததுதான் தாங்கவில்லை. பழைய அலங்காரக் கூடையை மாட்டிவிட்டு என் தாயை நானே வெள்ளைக்காரன் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதை, எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை காதையும் முடியையும் சரிசெய்கிற ஒருத்தி பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கோ அதன் பிறகு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. டவுனுக்கு வந்தால் அந்தக் கடைக்குப் போகாமல் பஸ் ஏற மாட்டார். "அந்தப் புள்ள எப்பிடி இருக்கா" என்று என்னிடமே கேட்பார். நான் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவேன்.

பழி வாங்க எனக்குத் தெரிந்த வழி போர்டில் எழுதுவதுதான். அடுத்த மாதம் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: தன் படத்தைக் காட்டாதவர் மற்றவர் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அவள் ஒரு நாளும் தன் படம் என்று ஒன்றைக் காட்டியதில்லை. எல்லாருக்கும் அது யாருக்காக எழுதியது என்று தெரியும், அவளுக்கும் தெரியும். வாசித்தாள், தலையை ஆட்டினாள், உட்கார்ந்துகொண்டாள். அந்த மாதமும் அடுத்த இரண்டு மாதமும் வந்து, எல்லாப் படத்தையும் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் போனாள். கூட்டம் கலகலப்பாக இருந்தது. ஆளுக்கு ஆள் நல்லது சொல்லிக்கொண்டோம். படங்கள் மட்டும் ஒரே மாதிரி ஆகிக்கொண்டே போயின. அதை நான் அப்போது யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்குள் அவளுடைய தம்பி செத்துப் போனான். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், முப்பது வயதுகூட ஆகவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் இரண்டே நாளில் போய்விட்டான். அப்பா அம்மா முன்னமே இல்லை. அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். செத்த வீட்டுக்கு ஊரோடு நானும் போனேன். அவள் அழவில்லை. பெட்டிக்கு அருகில் வைத்திருந்த மெழுகுவர்த்திகள் சரிந்தால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், நல்ல மழையில் என் குவார்ட்டஸ் கதவைத் தட்டினாள். குடையை வெளியே மடக்கி வைத்துவிட்டு, சேலை முந்தானைக்குள்ளிருந்து உறை ஒன்றை எடுத்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இது கூட்டத்துக்கு இல்ல டீச்சர், கல்லறைக்கு. தம்பி படத்த டைல்ல அடிச்சுப் பதிச்சிட்டா அப்புறம் மாத்த முடியாது." உறையிலிருந்த படத்தை என்னிடம் நீட்டினாள். "கடையில காட்டினா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. செத்தவனப் பத்தி வேற என்ன சொல்லுவாங்க? ஒங்களுக்கு என்னப் புடிக்காது. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

மஸ்கெலியா நீர்த்தேக்கத்துப் பக்கம், போனை ஒரு சுவரில் சாய்த்து வைத்து, தானாக எடுக்கும்படி விட்டு, தானும் தம்பியுமாக நின்று எடுத்த படம் என்றாள். தனக்காக அவள் எடுத்த ஒரே படம் அதுதானாம். அதிலிருந்து தன்னை வெட்டி எடுத்துவிட்டாள். தண்ணீரையும் எடுத்துவிட்டு, பின்னால் வெளிர் நீலம் போட்டிருந்தாள். தம்பி மட்டும் சிரித்துக்கொண்டு நின்றான். அவள் நின்றதற்கு மறுபக்கத்துத் தோளில் நான்கு விரல்கள் இருந்தன.

அவளுடைய விரல்கள். பக்கத்தில் நின்று தோளைச் சுற்றிக் கை போட்டிருக்கிறாள். ஆளை வெட்டியபோது, சுற்றி வந்த கையின் நுனி அந்தத் தோளிலேயே தங்கிவிட்டது. சட்டை மண் நிறம், விரலும் கிட்டத்தட்ட அதே நிறம். ஆனாலும் ஒருமுறை கண்ணில் பட்டால் பிறகு அதை மட்டும்தான் பார்க்க முடியும். அடுத்தவர் படத்தில் ஓரமாகத் தெரிகிற கம்பத்தைக்கூட விடாதவள் இதைப் பார்க்கவில்லை. அவள் தம்பியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அட்டைத் துண்டுகளை அன்றைக்குக் கைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை.

நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

"கண்ணு நல்லா வந்திருக்கு. சிரிப்பும் நல்லா இருக்கு" என்றேன்.

"கொற?"

தெரியாமல் விட்டதாக இப்போது சொல்லிக்கொள்ள முடியாது. கயிறு ஞாபகத்துக்கு வந்தது, மண்டபத்துச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது, பிறகுதான் வாயைத் திறந்தேன். "ஒன்னுமில்ல" என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். நீளமான மூச்சு. "ஒங்க வாயிலருந்து வந்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் படத்தை உறையில் போட்டு, மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். டைல் அடிக்க இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தாள். அவளுடைய நம்பர் என் போனில் இருந்தது. பதினான்கு நாளும் இருந்தது. நான் கூப்பிடவில்லை. இதற்கு வன்மம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறைக்கு அம்மாவும் நானும் போனோம். மலைச் சரிவில் மூடுபனி, எல்லா இடமும் மெழுகுவர்த்தி, பாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். நான்கு வரிசை கீழே அவள் தம்பியின் கல்லறை. அவள் தனியாக நின்றாள். போகவேண்டாம் என்று நான் நினைக்கும்போதே அம்மா ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் பின்னால் போனேன்.

டைலில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தது. ஆனால் கழுத்தில் விழுகிற மாதிரி இல்லை. ஒரு பக்கமாக இழுத்து, அந்தத் தோளை மூடுகிற மாதிரி கம்பி வைத்துக் கட்டியிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்குக் கோணலாக எதுவும் இருந்தால் பொறுக்காது. அவர் குனிந்து மாலையைச் சரிசெய்தார். விரல்கள் வெளியே வந்தன.

"யாரு கை இது?" என்றார் அம்மா.

"என் கைதாம்மா."

"அட, பார்க்காம விட்டுட்டியே புள்ள. எங்க மககிட்ட ஒருக்கா காட்டியிருந்தா சொல்லியிருப்பாளே."

அவள் குனிந்து மாலையைப் பழையபடி தோள்மேல் இழுத்துவிட்டாள். கம்பியைத் திருகினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்க்காமல் அவள் ஒருவர் முகத்தைப் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

"டீச்சர், அம்மாவ எடுத்தீங்களே ஒரு படம். அதுல மூக்குத்தியில வெளிச்சம் விழுந்திருந்துச்சு, அது நல்லா இருந்துச்சு. பின்னால மல மங்கலா இருந்துச்சே, அதுவும் நல்லா இருந்துச்சு."

நான் மூன்றாவதற்காக, அந்தக் குறைக்காக நின்றேன். என்னவென்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சொல்லட்டும், அம்மா முன்னாலேயே சொல்லட்டும், முடிந்துவிடும் என்று நின்றேன். அவள் தீப்பெட்டியை எடுத்து, காற்றில் அணைந்திருந்த மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றத் தொடங்கினாள்.

மேலே ஏறி வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பார்த்தியா, அந்தப் புள்ளயே ஒன்ன நல்லா இருக்குன்னு சொல்லிருச்சு" என்றார்.